மழை பெய்யாத கடைசிக் காட்சி

கடையில் இறால் தீவன மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது சவரியின் மனைவி மேரி போன் செய்தார். "அண்ணே, அவரு போயிட்டாருண்ணே. காபி கொடுக்கப் போனேன், எந்திரிக்கல." ஆறுதலாக ஏதோ சொன்னேன். வாய் பேசிக்கொண்டிருக்க, 'இனி சவரிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை' என்று மனம் மூச்சு விட்டது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கல்யாண வீடியோ சவரியை நம் திரைப்பட வட்டத்துக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் மாதா கோயில் ஹாலில் திரை கட்டி விஞ்ஞானக் கதைப் படங்கள் போடுவார். மூலக்கதையைப் படித்துவிட்டுத்தான் படத்தைத் தொடுவார். "ராக்கெட்ட வச்சுக்கிட்டான், கதையில ஓடுற ஆத்த வெட்டிட்டான் பாருங்க" என்று டைரக்டர்களைத் திட்டுவார். மீனுக்கு ஐஸ் பெட்டி சுமந்து முன்னுக்கு வந்தவன் நான். சண்டை இல்லாத படத்தில் தூங்கிவிடுவேன். அவர் பேச்சுக்காகப் போனேன்.

ஒருமுறை சொன்னார்: "உலகம் அழியிற மாதிரி எடுக்குறது சுலபம்ண்ணே. பாத்துட்டுப் போறவன் வீட்டுல ஒழுகுற குழாய மூடணும். அதான் கஷ்டம்."

பிறகு அவரே ஒரு சிறுகதையைக் குறும்படமாக்கக் கிளம்பினார். காய்ந்துபோன பூமிக்குப் பல காலம் கழித்து இருவர் திரும்பி வருகிறார்கள். கடைசியில் மழை பெய்து ஒரு முளை தலைகாட்டுகிறது. இதுதான் கதை. காய்ந்த பூமிக்கு இடம் தேடியபோது, திருவேட்டக்குடிப் பக்கம் நான் கைவிட்டிருந்த இறால் குட்டைகளைக் காட்டினேன். கடல்நீர் ஏற்றி வளர்த்த குட்டைகள். நோய் விழுந்தபின் உப்புப் பூத்து வெடித்துக் கிடந்தன. தண்ணீர் கேனை அறுத்துச் செய்த ஹெல்மெட்டோடு நின்று சுற்றிலும் பார்த்தார். "பெரிய கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல மாசக்கணக்கா செய்யிறத நீங்க தனியாளா செஞ்சு வச்சிருக்கீங்கண்ணே!" பாராட்டு என்று எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ சொன்னேன்.

கடைசிக் காட்சிக்கு மட்டும் அதே இடம் பச்சையாக வேண்டும். "கரையை வெட்டி விடுங்க. மழைத்தண்ணி பாஞ்சு உப்பை அலசட்டும். உப்பு எறங்குன பக்கத்து வயக்காரங்க கிணறும் தேறும்." கரையை வெட்டினால் குட்டையைக் குத்தகைக்கு விட முடியாது. "அடுத்த மழைக்குப் பாப்போம்" என்றேன். அடுத்த மழைக்கும் வந்து கேட்டார். அப்போதும் அதையே சொன்னேன். அவர் வேறு இடம் தேடவில்லை. "இங்கேயே முளைக்கணும், இல்லாட்டி அது பொய்யிண்ணே" என்றார்.

முளை இல்லாமலே படம் முடிந்தது. திரையிட்ட அன்று பக்கத்து வயல்கார அம்மா பின்வரிசையிலிருந்து, "எந்தக் கிரகம்டி? நம்ம ஐஸ்காரரு குட்டைதான்!" என்று கத்தினார். ஹாலே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு ஒரு வாத்தியார் எழுந்து, "கதையில நம்பிக்கை இருக்கு. அடுத்தவங்க படத்துக்கெல்லாம் குத்தம் சொல்ற நீங்க அதை ஏன் வெட்டுனீங்க?" என்று கேட்டார். முன்வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். சவரி என் பக்கம் திரும்பவே இல்லை. "என்னால எடுக்க முடியலைங்க சார். என் தப்புதான்" என்றார்.

அதோடு விட்டதா? அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் இருவர் பேசிக்கொண்டார்கள். "நல்ல மனுசன். ஆனா அந்தக் கதைய அவரு கெடுத்திருக்க வேணாம்." நான் கையில் மாலையோடு அவர்களைக் கடந்து போனேன். ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்!

அதனால் நம் வட்டத்தார் எல்லோரும் படிக்க இங்கே எழுதுகிறேன். மழையையும் முளையையும் சவரி வெட்டவில்லை, நான்தான் வெட்டினேன். போன வாரம் ஆள் வைத்துக் கரையை உடைத்துவிட்டேன். இதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். கேட்டவர் இருந்தபோது செய்யாததை இப்போது செய்திருக்கிறேன், அவ்வளவுதான். இன்னும் ஒரு புல்கூட வரவில்லை.

வியாபாரத்தில் என் தவறை அடுத்தவர் தலையில் கட்டியிருக்கிறேன். கேட்காமலே அதை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டவர் சவரி ஒருவர்தான். அவரிடமிருந்து திரும்ப வாங்கி எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தப் பழி ஒன்றைத்தான். அது என்னுடையது.