இரண்டிலிருந்து மூன்றுக்கு

இது நடந்தது. தேதி இருக்கிறது, நேரம் இருக்கிறது, ஒர்க்‌ஷாப் ரசீது இருக்கிறது. கதை கட்டத் தெரிந்திருந்தால் இதைவிட ஆறுதலான ஒன்றைக் கட்டியிருப்பேன்.

என் பெயர் தினேஸ்வரி. மலேசியாவின் ஈப்போவில் ஒரு கிளினிக்கில் கௌன்டரில் வேலை பார்க்கிறேன். பேய் பிசாசுக்கு நான் பயந்தவள் இல்லை. எங்கள் வீட்டில் பயம் என்றால் ஒரே ஒரு பயம்தான். கியர்பாக்ஸ்.

என் கணவர் யுகேந்திரன், ஒன்பது வருடம் ஓடிய ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினார். கறுப்பு நிறம், தோல் சீட். கதவைச் சாத்தினால் 'தப்' என்று கனமாக ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே இரண்டு தடவை திறந்து சாத்துவார். ஆனால் வாங்கிய நாளிலிருந்து ஆளாளுக்கு ஒரே பாட்டு. "பழைய கார்ல இந்த வகைய வாங்கலாமா மச்சான்? கியர்பாக்ஸ் போச்சுன்னா அவ்வளவுதான்லா." பாவி மனிதர் அதை மனதில் போட்டுக்கொண்டார்.

முதல் பூஜையை அவர் பிறந்த தோட்டத்து முனியாண்டி கோயிலில் போட்டோம். கம்பாரிலிருந்து ஈப்போவுக்கு வரும்போது கோப்பெங்குக்குச் சற்று முன்னால், மண்சாலை பிரியும் முனையில், சிம்பாங் என்போமே, அங்கே சாலையோரமாக இருக்கிறது. ரப்பர் போய் இப்போது சுற்றிலும் செம்பனை, எண்ணெய்ப் பனை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினார். மூன்று நசுங்கின. நான்காவது நழுவி, முழுசாக உருண்டு ஓடிவிட்டது. அவர் முகம் விழுந்துவிட்டது.

மூன்றாவது வாரம் அது ஆரம்பித்தது.

"தினேஸ், ரெண்டுலருந்து மூணுக்கு மாறும்போது தட்டுதுலா."

"எங்க தட்டுது?"

"சீட்டுக்குள்ள. முதுகுல வந்து தட்டுது."

நான் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் தட்டவில்லை. மெக்கானிக் ஜெயபாலன் அவரோடு மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார், கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தார், கியர் எண்ணெயை மாற்றினார். "எனக்கு ஒண்ணும் தெரியல அண்ணே" என்றார். இவர் நம்பவில்லை. நசுங்காத அந்த எலுமிச்சம்பழம்தான் காரணம் என்று சொல்லி, காருக்கு இன்னொரு அர்ச்சனை செய்தார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டுப் பேச்சு முழுக்க அந்தக் கார்தான். கம்பாரில் வேலை முடிந்து வரும் வழியில் தினமும் கார் ஸ்பீக்கரில் என்னைக் கூப்பிடுவார். இன்றைக்கு எத்தனை தடவை தட்டியது, மேட்டில் தட்டியதா, வளைவில் தட்டியதா... நானும் விட மாட்டேன். "உங்க மூத்த சம்சாரத்துக்கு இன்னிக்கு என்ன கோவமாம்?" என்பேன். சிரிப்பார்.

2024 மார்ச் 14, வியாழக்கிழமை. மாலை 7.19. போன் வந்தது.

"தினேஸ்... தட்டுறது நின்னுருச்சுலா."

குரல் மெதுவாக இருந்தது. எனக்கு அன்று கிளினிக்கில் நல்ல கூட்டம், தலைவலி வேறு. "நல்லதாப் போச்சு. சோறு ஆறுது, வீட்டுக்கு வாங்க" என்று சொல்லி போனை வெட்டிவிட்டேன். மொத்தம் ஒன்பது வினாடி.

அவர் வரவில்லை. ஒன்பது மணிக்குப் போலீஸ் போன் வந்தது. அந்தச் சிம்பாங்கில் காரை ஓரம் கட்டி, சீட்டில் சாய்ந்தபடியே போயிருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததாம். லோரிக்காரர் ஒருவர் பார்த்துச் சொன்னாராம். மாரடைப்பு.

தட்டியது கியர் இல்லை. மூன்று மாதமாக அவர் நெஞ்சுதான் தட்டியிருக்கிறது. காருக்கு எத்தனையோ சோதனை செய்தோம், அவருக்கு ஒரு ஈசிஜி எடுக்கவில்லை. நெஞ்சு படபடக்கிறது என்று வருபவரை வரிசை பார்க்காமல் உள்ளே அனுப்புவதுதான் என் வேலை. என் வீட்டு மனிதரை நான் கேலி செய்து அனுப்பினேன்.

அந்த ஒன்பது வினாடியை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் உதவிக்குக் கூப்பிட்டாரா? நான் வெட்டாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா? மரணச் சான்றிதழில் தேதி உண்டு. நிமிடம் இல்லை.

ஜூன் 20. அதுவும் வியாழக்கிழமை. காரை விற்க முடிவு செய்து, கம்பாரில் வக்கீல் மதீசனிடம் காட்டப் போனேன். ஓட்டிப் பார்த்தார். "கியர் நல்லா இருக்கு, மேடம். சனிக்கிழமை எடுத்துக்கிறேன்" என்றார். 6.38க்குக் கிளம்பினேன். இன்னும் நல்ல வெளிச்சம். மழை மட்டும் தூறிக்கொண்டிருந்தது.

6.47. முதல் சிக்னல் தாண்டினேன். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறியது.

டக்.

முதுகில். சீட்டின் உள்ளிருந்து யாரோ விரலை மடக்கித் தட்டியது மாதிரி. நான் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழைய கார், எதுவோ கழன்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் இருந்திருந்தால் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

6.53. டக்... டக்.

இப்போது கியர் மாறவில்லை. ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். ஆனாலும் தட்டியது. ஒழுங்கில்லாமல். இரண்டு வேகமாக, ஒரு இடைவெளி, மறுபடி ஒன்று. இந்த மாதிரி துடிப்பை நான் காகிதத்தில் பார்த்திருக்கிறேன். கிளினிக்கில், தினமும்.

6.58. மழை வலுத்தது. ஈ... என்று ஒரு சத்தம். சீட் மோட்டார். நான் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. சீட் பின்னால் நகர்ந்தது. மெதுவாக. அவர் உட்காரும் அளவுக்குப் போய் நின்றது. என் கால் பிரேக்கை எட்டியும் எட்டாமலும் இருந்தது.

தட்டல் வேகமானது. டக்டக்... டக்... டக்டக்டக்...

7.02. சிம்பாங் தெரிந்தது. முனியாண்டி கோயிலின் சிவப்பு விளக்கு தெரிந்தது.

தட்டல் நின்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், தட்டியபோது வராத பயம் அது நின்றபோது வந்தது.

திரையில் D என்ற எழுத்து N ஆக மாறியது. ஆக்சிலேட்டரை மிதித்தேன். இன்ஜின் உறுமியது. கார் இழுக்கவில்லை. உருண்டு உருண்டு, ஓரமாகப் போய் நின்றது.

கியரை D-க்குத் தள்ளினேன். N என்றது.

மறுபடி தள்ளினேன். N.

டிக்... டிக்... டிக்... நான்கு சிக்னல் விளக்கும் தானாக எரிய ஆரம்பித்தன.

கதவைத் திறந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. தைரியம் என்று நினைக்காதீர்கள். அவர் கடைசியாக உட்கார்ந்த இடத்தில், கடைசியாகப் பார்த்த அதே கோயில் விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க மனம் வரவில்லை. பயத்தோடு பயமாக அழுதேன்.

7.10...

7.15...

7.18. சீட் சூடாக இருந்தது. ஒரு ஆள் எழுந்து போன சீட்டின் சூடு.

"சொல்லுங்க" என்றேன். "நான் வெட்ட மாட்டேன். சொல்லுங்க."

7.19.

என் வலது காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு.

உள்ளே இழுத்தது...

வெளியே விடவில்லை.

கியர் தானாக நகர்ந்தது. திரையில் P என்று வந்தது.

டக். டக். டக்.

இந்த முறை கண்ணாடியில்.

நான் கத்தியே விட்டேன். வெளியே மழைக்கோட்டு போட்ட ஒரு ஆள், கையில் டார்ச். அவர் என்னைவிடப் பயந்து போயிருந்தார். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி நின்றது. கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினேன்.

"அக்கா... உயிரோட இருக்கீங்கல்ல?"

"இருக்கேன்."

"அதே காரு, அதே எடம்... லைட்டு வேற எரியுது. நான் என்னமோன்னு நெனச்சுட்டேன்க்கா."

அவர் பெயர் சன்னாசி. மார்ச் மாதம் என் கணவரைப் பார்த்துச் சொன்ன லோரிக்காரர் அவர்தான். நான் யார் என்று சொன்னதும் டார்ச்சை அணைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். D-க்குத் தள்ளினேன். உடனே விழுந்தது. ஈப்போ எல்லை வரை எனக்குப் பின்னாலேயே லோரியை ஓட்டி வந்தார்.

மறுநாள் ஜெயபாலன் கம்ப்யூட்டரை மாட்டினார். ஒரு மணி நேரம் பார்த்தார்.

"கியர்பாக்ஸ் நல்லா இருக்குக்கா. கோளாறுன்னு ஒண்ணுமே பதியல."

"அப்புறம் எப்படி நின்னுச்சு?"

"7.02க்கு N, 7.19க்கு P. ரெண்டும் கையால தள்ளினதாத்தான் காட்டுது. நீங்க தள்ளலையா?"

ரசீதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை மதீசனுக்குப் போன் செய்து, கார் விற்பனைக்கு இல்லை என்றேன். பிறகு கோப்பெங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சன்னாசியைச் சந்தித்தேன். காலை பத்து மணி. நல்ல வெயில். மூன்று மாதமாக நெஞ்சில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"நீங்க பார்த்தப்ப அவருக்கு உயிர் இருந்துச்சாண்ணே?"

"இல்லக்கா."

"மணி என்ன?"

"ஏழு அஞ்சு. ஏழு ஆறுக்கு ஆம்புலன்சுக்கு அடிச்சேன். போலீசும் இதையே கேட்டாங்க, அதனால மறக்கல. கதவத் தொறந்து கையப் புடிச்சுப் பார்த்தேன். மூச்சு இல்ல. ஆம்புலன்ஸ் வார வரைக்கும் பக்கத்துலயே நின்னேன். அவங்களும் பார்த்துட்டு 'சுடா லாமா'ன்னுட்டாங்க. போயி நேரமாச்சுன்னு."

போனை எடுத்தேன். மார்ச் 14-இன் அந்த ஒரு அழைப்பைப் படம் பிடித்து வைத்திருந்தேன். அவர் நம்பர். 7.19. ஒன்பது வினாடி.

"அவரு போன யாராச்சும் தொட்டீங்களா?"

சன்னாசி டீயைத் தள்ளி வைத்தார். "போலீஸ்கிட்ட இதச் சொல்லலக்கா. பைத்தியம்னுருவாங்க. அந்த போன் அவரு மடியில கெடந்துச்சு. நான் தொடல. நடுவுல அதுவா வெளிச்சம் வந்துச்சு. கார் ஸ்பீக்கர்ல மணி அடிச்சுது. அப்புறம் ஒரு பொம்பளக் குரல்..."

"அதுக்கு முன்னால ஆம்பளக் குரல் கேட்டுச்சா?"

"இல்ல. அவரு வாயே தொறக்கல. நான் அவரு மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். பொம்பளக் குரல் மட்டுந்தான். சலிப்பா ஒரு குரல்."

"என்ன சொன்னுச்சு?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"'நல்லதாப் போச்சு. சோறு ஆறுது, வீட்டுக்கு வாங்க'ன்னுச்சு."

அப்படியானால் நான் வெட்டியதால் அவர் சாகவில்லை. அதற்கு முன்பே போய்விட்டார். இதைக் கேட்டு நான் நிம்மதியடைய வேண்டும். என்னால் முடியவில்லை. போன பிறகும் எனக்குச் சொல்லத்தான் வந்திருக்கிறார், அதையும் நான் முழுதாகக் கேட்கவில்லை.

கார் இப்போது எங்கள் வீட்டு முன்னால் நிற்கிறது. சாவி என்னிடம்தான். நான் ஓட்டுவதில்லை. ஆனால் வியாழக்கிழமைகளில், 7.19க்கு, சமையலறைவரை அந்தச் சத்தம் கேட்கிறது.

தப்.

கார்க் கதவு சாத்தும் சத்தம்.

வீட்டுக்கு வரச் சொன்னவள் நான்தான். அதனால் இரண்டு தட்டில் சோறு போட்டு, வாசல் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.