பாறைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு

வீடு தேடி அலைந்த அந்த ஒரு வருஷம் என்றால் அவளுக்கு முதலில் நினைவுக்கு வருவது பேருந்துகள்தான். ஜன்னல் கண்ணாடி இறங்காத பேருந்து, ஏற்றத்தில் மூச்சு வாங்கிய பேருந்து, நடத்துநர் மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டிய பேருந்து. எல்லாவற்றிலும் அவள் மடியில் ஒரே மூட்டை. அதற்குள் அறுபது மீட்டர் கயிறு, இரண்டு இடுப்புப் பட்டை, ஒரு சாப்பாட்டு டப்பா. பக்கத்தில் தூங்கிக்கொண்டு வரும் கணவர். அவர் தலை இவள் தோளில் சாயும்; வளைவு வந்தால் ஜன்னலில் இடிக்கும்; கண்ணைத் திறக்காமலே "எந்த ஊரு?" என்பார்.

அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பல் செட் செய்வது தொழில். நகரத்துப் பல் டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, செட்டாக்கித் திருப்பி அனுப்புவாள். பள்ளிக்கூடத்தில் படித்த வேலை இல்லை. பல் செட் செய்யும் ஒரு கூடத்தில் தரை துடைக்கப் போனவள், துடைத்துக்கொண்டே பார்த்துக் கற்றுக்கொண்டாள். பல்லை ஒரே சீராக அடுக்கினால் சீப்பு மாதிரி இருக்கும், முகத்தோடு ஒட்டாது. முன்பல் ஒன்றை மயிரிழை திருப்பி வைத்தால்தான் அது அந்த ஆளுடைய பல்லாகத் தெரியும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. எதிரே உட்கார்ந்து பேசுகிறவர்களின் வாயைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அந்தக் காலத்தில் அவளிடம் பேச வந்தவர்கள் பாதிப் பேச்சில் கூச்சப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டதும் உண்டு.

பாறை ஏறும் பழக்கமும் ஒரு பல் டாக்டரால் வந்ததுதான். ஞாயிறுதோறும் நாலைந்து பேராகப் பாறைக்குப் போகிறவர் அவர். "உங்க விரல் பலத்துக்கு நீங்கதான்மா ஏறணும்" என்று ஒரு முறை கூட்டிப்போனார். முப்பது வயதில், புடவையை மாற்றி மைத்துனனின் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, அவள் பதினைந்து மீட்டர் ஏறினாள். இறங்கி வந்தபோது முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தன. முகம் புதுச் சட்டை போட்ட பிள்ளை முகமாக இருந்தது. அதற்கு நாத்தனார் வைத்த பெயர்தான் நிலைத்தது: பல்லி. "பல் வேலையும் பாக்குறா, செவுத்துலயும் ஏறுறா. வேற என்னன்னு கூப்பிடறது?"

கணவர் லிப்ட் மெக்கானிக். முதல் நாள் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு துணைக்கு வந்தவர், அவள் இடுப்பில் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்து அதிர்ந்துபோனார்.

"இது யாரு போட்டது?"

"டாக்டர்."

"பல்லு பிடுங்குறவரு. கட்டத் தெரியுமா அவருக்கு?"

அன்றிலிருந்து கயிறு அவர் கைக்கு வந்துவிட்டது. மேலே ஒரு வளையத்தில் புகுந்து இறங்கும் கயிற்றின் ஒரு முனை அவள் இடுப்பில், மறுமுனை கீழே நிற்கும் அவரிடம். அவள் ஏற ஏற அவர் தளர்வை இழுத்துக்கொள்வார். அவள் கை நழுவினால் அவர் எடைதான் அவளை அந்தரத்தில் நிறுத்தும். அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. கேட்டால், "வாரத்துல ஆறு நாள் ஏறி இறங்கறதுதான் பொழப்பு. ஒரு நாளாவது தரையில நிக்கவிடு" என்பார்.

நகரத்திலிருந்து பாறைக்குப் போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். மூன்றாம் முறையாக வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிய அன்று, மெழுகு உருக்கும் விளக்கை ஊதி அணைத்துவிட்டு அவள் கேட்டாள்:

"நாம ஏங்க இந்த ஊர்லயே கெடக்கணும்?"

"இதைக் கேக்க உனக்குப் பதினோரு வருஷம் ஆச்சா?" என்றார் அவர்.

அவளுக்கு வேண்டியது மூன்று. கட்டுப்படியாகும் வாடகை. வாசலிலிருந்து பாறைக்கு நடந்துபோகும் தூரம். டாக்டர்களுக்குப் பார்சல் ஏற்றிவிட சாயங்காலம் ஒரு பேருந்து. உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டதற்கு அவர், "எனக்கென்ன, எங்க விட்டாலும் இருப்பேன்" என்றார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆன பிறகும் அவள் அதை அப்படியே நம்பினாள். தப்பு அங்கேதான் தொடங்கியது.

முதலில் பார்த்தது பேர்பெற்ற பாறையின் அடிவாரம். அங்கே நாய்கூட வெளியூர் நாய் போலத்தான் நடந்தது. ஒற்றை அறை வீட்டைக் காட்டிய அம்மாள், "ஜன்னலைத் திறந்தா பாறை. அதுக்குத்தான் இந்த வாடகை" என்றாள். "நாங்க ஜன்னலைத் திறக்க மாட்டோம், குறைச்சுக்குங்களேன்" என்றார் கணவர். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

அடுத்தது நாலு திசையிலிருந்தும் ரயில் வந்து கூடும் ஓர் ஊர். மாவு மில்கள், தங்கும் விடுதிகள், மூன்று பெரிய ஆஸ்பத்திரிகள். வாடகை பரவாயில்லை. ஆனால் பாறை பேருந்தில் ஐம்பது நிமிஷம் தள்ளி இருந்தது. அதுவும் கை வைத்த இடமெல்லாம் உதிர்ந்தது. அவள் பிடிக்கும் முன் ஒவ்வொரு கல்லையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். கெட்டிக் கல் 'டக்' என்னும். உள்ளே விட்டுப்போன கல் மரப்பெட்டி போல ஒலிக்கும். அந்தப் பாறையில் தட்டிய இடமெல்லாம் மரப்பெட்டி. "ஊரு நல்லாத்தான் இருக்கு" என்று கணவர் இழுத்தார். பேருந்து ஊரைத் தாண்டும்வரை ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தார். மலையைப் பார்க்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது ஊர் பேருந்துத் தடத்தின் கடைசி நிறுத்தம். இறங்கியதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே தெரு, தெரு முடிகிற இடத்தில் தேன் நிறத்தில் நூறு அடிப் பாறை. வாடகைக்குக் காலியாக இருந்த வீட்டிலிருந்து அவள் நடந்து பார்த்தாள்: பதினாலு நிமிஷம். வீட்டின் சமையலறையில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். பல்லின் நிறம் பொருத்த அதைவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது. வாடகை நகரத்து வாடகையில் மூன்றில் ஒரு பங்கு. அவள் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றுவிட்டாள்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கம்பவுண்டர். பேச்சிலும் கசப்பு மருந்து கலக்கிறவர்.

"வாடகை ஏன் கம்மின்னு கேக்கலியேம்மா. எங்க ஊர்ல என்னென்ன இல்லையோ, அதையெல்லாம் கழிச்சுட்டுத்தான் சொல்றேன்."

"என்ன இல்ல?"

"நீங்களே ஒண்ணொண்ணா கண்டுபிடிப்பீங்க. சாருக்கு என்ன வேலை?"

"லிப்ட் ரிப்பேர்" என்றாள் அவள்.

கம்பவுண்டர் கணவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "லிப்டா? இந்த ஊர்ல ஏணியே ரெண்டுதான் சார். ஒண்ணு என்கிட்ட இருக்கு. இன்னொண்ணு கரண்ட்காரன்கிட்ட."

கணவரும் சேர்ந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பேருந்து ஜன்னலில் அவர் அண்ணாந்தது இப்போதுதான் புரிந்தது. அவர் பார்த்தது மலையை இல்லை, மாடிகளை.

தெருவுக்கு வந்ததும் கேட்டாள். "அந்த ரயில் ஊர்ல எத்தனை லிப்டு?"

"பதினொண்ணு" என்றார் அவர், யோசிக்காமலே.

"ஏன் சொல்லல?"

"நீ பாறையை எண்ணிட்டு இருந்த. நடுவுல நான் எதுக்கு?" மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டார். "இதுல என்ன பெருசா. நான் அந்த ரயில் ஊர்லயே ஒரு ரூம்ல இருந்துக்கறேன். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினா விடியக்காலைல இங்க. எத்தனை பேர் அப்படி இருக்காங்க."

"வாராவாரம் விருந்தாளி வர்ற மாதிரியா?"

"விருந்தாளின்னா நல்லா கவனிப்பல்ல?"

கம்பவுண்டர் சாயங்காலம்வரை தவணை கொடுத்திருந்தார். வேறொருவரும் வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இருவரும் பாறைக்கு நடந்தார்கள். அவர் பின்பக்கச் சரிவில் சுற்றிப்போய் உச்சியில் கயிற்றைப் போட்டுவிட்டு வந்தார். அவள் ஏறினாள்.

அப்படியொரு பாறை அவளுக்கு முன்பும் கிடைக்கவில்லை, பின்பும் கிடைக்கவில்லை. தட்டிப் பார்க்கவே தேவையில்லை. விரல் நுழையும் வெடிப்பு ஒன்று அடியிலிருந்து உச்சிவரை நேராகப் போனது. பாதி உயரத்தில் முன்கை வீங்கி, வலது குதிகால் வெடவெடவென்று ஆடத் தொடங்கியது. "இறுக்குங்க" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இடுப்பில் கயிறு இறுகிவிட்டது. குதிகாலைப் பார்த்தே அவர் இழுத்திருந்தார். பதினோரு வருஷத்தில் இது எத்தனையாவது தடவை என்று அவள் எண்ணியதில்லை. அன்று தொங்கியபடியே எண்ணிப் பார்க்க முயன்றாள், முடியவில்லை.

அங்கே வைத்துத்தான் அவள் கணக்கைத் திரும்பப் போட்டாள். திங்கள் முதல் சனி வரை பாறை பதினாலு நிமிஷத்தில் இருக்கும்; கீழே கயிறு பிடிக்க ஆள் ஒரு ராத்திரிப் பயணத்துக்கு அப்பால் இருப்பார். ஆள் இல்லாமல் அவள் ஏறமாட்டாள். அப்படியானால் இப்போது போலவே வாரத்துக்கு ஒரு நாள்தான். நடுவில் ஆறு நாள் பாறையும் சும்மா நிற்கும், அவளும் சும்மா நிற்பாள். அந்த ஆறு ராத்திரியும் சாப்பிட ஒரு தட்டு போதும்.

உச்சியைத் தொடாமல் இறங்கி வந்தாள்.

"என்ன, பாதியில?" என்றார் அவர்.

"ரயில் ஊருக்கே போயிடலாம்."

"பைத்தியமா உனக்கு? அங்க பாறையா அது, ரஸ்க்கு. பொடிஞ்சு கொட்டுது."

"கொட்டினா என் தலையிலயா விழப்போகுது? கீழ நிக்கறது நீங்க. நல்ல ஹெல்மெட்டா ஒண்ணு வாங்கிக்குங்க."

"எனக்காகச் சொல்ற."

"எனக்காகத்தான் சொல்றேன். அங்கன்னா சாயங்காலமும் ஏறலாம்."

அவர் நம்பவில்லை. கயிற்றைச் சுருட்டி முடிக்கும்வரை வாதாடினார். வீடு வேண்டாம் என்று போய்ச் சொன்னபோது கம்பவுண்டர் மட்டும் எந்தச் சலனமும் இல்லாமல், "பரவால்லம்மா. ஏணி வேணும்னா வாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ரயில் ஊரில் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. அவர் வேலை முடிந்து கிரீஸ் கையோடு பேருந்து நிலையத்துக்கு வருவார்; அவள் மூட்டையோடு காத்திருப்பாள். கோடை மாதங்களில் இருட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் கிடைக்கும். மற்ற மாதங்களில் அரை மணி. முதல் இரண்டு வருஷம் ஏறியதைவிட உதிர்த்ததுதான் அதிகம். ஆடுகிற கல்லையெல்லாம் சிறிய கடப்பாறையால் நெம்பித் தள்ளி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பிடிக்கத் தகுந்த ஒரு தடத்தை அவள் அந்தப் பாறைக்குள்ளிருந்து வெளியே எடுத்தாள். அவர் ஹெல்மெட்டோடு ஒதுங்கி நின்று, "வருது, வருது" என்று கத்திக்கொண்டிருப்பார். ஹெல்மெட்டில் மூன்று பள்ளம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தேதி சொல்லுவார்.

போன மாதம் அவர் ஓய்வுபெற்றார். இனி லிப்ட் இருக்கிற ஊரில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கடைசி நிறுத்தத்து ஊருக்கு ஒரு நடை போய்ப் பார்க்கலாம் என்று அவரே கிளப்பினார். போனார்கள். பாறை அப்படியே இருந்தது, தேன் நிறத்தில். ஊர்தான் மாறியிருந்தது. தெரு முழுக்க வெளியூர்க் கார்கள், காலணி வாடகைக்குக் கொடுக்கும் கடை, மூன்று மாடியில் ஒரு விடுதி. கம்பவுண்டர் இல்லை. அவருடைய மகள் சொன்ன வாடகையைக் கேட்டு இருவரும் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

வெடிப்பின் அடியில் வந்து நின்றார்கள். ஐம்பத்தேழு வயது விரல்கள் அவளுக்கு. நடு மூட்டுகள் வீங்கிக் கிடந்தன. அவர் பாறையை அண்ணாந்து பார்த்தார்.

"அன்னைக்கே இங்க வந்திருக்கணும். மலிவா கெடந்துச்சு. என்னால உனக்கு இதெல்லாம் போச்சு" என்றார்.

"வந்திருந்தா பதினாறு வருஷமும் நீங்க போன்லயே கயிறு பிடிச்சிருப்பீங்க" என்றாள் அவள். "போய் மேல மாட்டிட்டு வாங்க. கீழ் பாதியாவது முடியுதான்னு பாக்கறேன்."