ஒரே கை தம்

மூடியிருக்கிற கதவு எதுவானாலும், திறப்பதற்கு முன் மெஹராஜ் புறங்கையை அதன்மேல் ஒரு நொடி வைத்துப் பார்ப்பாள். குளியலறைக் கதவு, பீரோக் கதவு, கல்யாண மண்டபத்தில் பெண் உட்கார்ந்திருக்கிற அறையின் கதவு, எல்லாவற்றுக்கும் அதே வழக்கம்தான். பிரியாணி தேக்சாவின் மூடியில் சூடு ஏறிவிட்டதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கை அது. மரக்கதவையும் விடுவதில்லை.

"கதவு வெந்துருச்சாக்கா?" என்பாள் தங்கை ருக்சானா.

மெஹராஜும் சிரித்துவிட்டுக் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வாள்.

திண்டுக்கல் பேகம்பூரில் அவர்களுடைய வீடு. முன்பக்கம் கணவர் மீரானின் பிரியாணிக் கடை, பின்பக்கம் விறகடுப்பு, நடுவில் குடித்தனம். அங்கே பொழுது விடிந்தால் ஓயாமல் புழங்குகிற சொல் 'தம்'. தேக்சாவில் சீரக சம்பாவும் கறியும் சேர்ந்து தண்ணீர் வற்றியதும், மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, மேலே கங்கு அள்ளிப் போட்டால் அது தம். சாப்பிட்டவர்கள் எதிர்ச் சந்தில் போய்ப் பற்றவைப்பதும் தம். பக்கத்து டீக்கடையில் தம் டீ. அரிசி மூட்டை இறக்குகிற வேலுசாமி, "தம் கட்டித் தூக்குறேன், செத்த நேரம் பேச்சுக் குடுக்காதீக" என்பார். மகன் நியாஸ் கூட்டாளிகளோடு போனில், "அவனுக்கெல்லாம் தம் இல்லடா" என்றால் துணிச்சலைச் சொல்கிறான். துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறும்போது, பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்து நின்றுகொண்டு மெஹராஜ் "தம் இல்ல" என்றால் மூச்சைச் சொல்கிறாள்.

யாருக்கும் எதுவும் குழம்பியதில்லை. எல்லோருக்கும் எல்லாம் புரிந்தது. அவள் சொன்னதும் புரிந்தது. புரிந்தபிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

இழுப்பு ராத்திரியில் தூங்கவிடாமல் பண்ண ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே ஒரு குழாயை வாயில் கொடுத்து, "நல்லா உள்ள இழுத்து, தம் கட்டி, ஒரே ஊதா ஊதுங்கம்மா" என்றது ஒரு சின்னப் பெண். இங்கேயும் இந்தச் சொல்தானா என்று மெஹராஜுக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே இருமல் வந்துவிட்டது. விறகுப் புகையை விட்டு விலகினால்தான் மருந்து கேட்கும் என்றார் டாக்டர்.

மீரான் கெட்டவர் இல்லை. மறுநாளே அடுப்படிச் சுவரை உடைத்துப் புகையை இழுக்கிற ஃபேன் வைத்தார். "இனி என்ன, காத்தோட்டமா இருக்கும்" என்றார். அடுப்பை விட்டு விலகு என்று மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. தேக்சாவை மூடின கைதான் திறக்கவேண்டும், வேறு கை பட்டால் பரக்கத் போய்விடும், கடை விருத்தியாகாது என்பது அந்தக் கடையை ஆரம்பித்த மாமியார் வைத்துவிட்டுப் போன வழக்கம். மாமியாருக்குப் பிறகு அந்தக் கை மெஹராஜின் கையானது. அன்றைக்கு அதைப் பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டாள்.

ருக்சானா வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வளையலும் நைட்டியும் விற்கிற கடை வைத்திருக்கிறாள். "வந்து கல்லாவுல உக்காருக்கா. பின்னால ரூம் சும்மாதான் கெடக்கு. சாயங்காலமானா மலைக்காத்து வரும்" என்று ஒரு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெஹராஜ் இதைக் கணவரிடம் சொல்வதற்கே பல நாள் ஆனது. சொன்னபோது, தலையணை உறையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மீரான் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். பிறகு, "போய் இருந்து பாரு. ஒத்துக்கிச்சுன்னா அங்கேயே இரு, நான் வந்து போறேன். நானே மூடி நானே தொறந்துக்கிறேன்" என்றார்.

அப்படி ஒரு வழி இருப்பது இத்தனை நாள் அவளுக்குத் தோன்றவே இல்லை.

கிளம்புகிற அன்று முற்பகல், பையோடு பின்வாசல் வழியாகப் போனாள். மீரான் போனில் கறிக்கடைக்காரரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். தேக்சாவின் மேல் மூடி கோணலாகக் கிடந்தது. ஓரத்தில் ஆவி வீணாய்ப் போய்க்கொண்டிருந்தது. மெஹராஜ் பையைக் கீழே வைத்தாள். மாவைக் கயிறுபோல உருட்டினாள், சுற்றி ஒட்டினாள், கங்கு போட்டாள். கையைக் கழுவிக்கொண்டு பையை எடுத்தாள். என்ன செய்தோம் என்று அவள் நினைக்கவே இல்லை. அந்தக் கையை எழுப்புவதற்கு நினைப்பு தேவைப்படவில்லை.

பஸ் செம்பட்டியை நெருங்கும்போது போன் அடித்தது.

"மெஹரு, மூடி ஒட்டுனது யாரு?"

அவள் விரல் நகங்களைப் பார்த்தாள். மாவு காய்ந்து வெள்ளையாக நின்றது.

"நாந்தான் போலருக்கு. பரவாயில்ல, நீங்க தொறங்க. ஒண்ணும் ஆகாது."

"நீ மூடுனத நான் எப்படித் தொறக்க?"

"ஆளுக வந்துருச்சா?"

"வந்துருச்சு. தொட்டுக்க வெஞ்சனமெல்லாம் எடுத்து வச்சாச்சு. வெறக வெளிய இழுத்துட்டேன், கங்கையும் தட்டிட்டேன். கோவமா சொல்லல மெஹரு. நீ போறதுன்னா போ. நாங்க இருக்கோம்."

கோபப்பட்டிருந்தால் போயிருப்பாள்.

செம்பட்டியில் எழுந்தபோது கண்டக்டர், "வத்தலக்குண்டுக்குல டிக்கெட் எடுத்தீக?" என்றார். "ஆமா" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். முதலில் வந்த பஸ்ஸில் கூட்டம் என்று விட்டுவிட்டாள். அடுத்ததில் உட்கார இடம் இருந்தது, ஏறிக்கொண்டாள்.

கடையில் ஒருவரும் எழுந்து போயிருக்கவில்லை. மீரான் எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவள் நுழைந்ததும் வழி விட்டார்கள். மூடிமேல் புறங்கையை வைத்தாள். வெதுவெதுப்புதான் இருந்தது. கத்தியால் மாவைக் கீறித் திறந்தபோது பின்னால் யாரோ கைதட்டினார்கள். நியாஸ் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அரிசி குழைந்துபோயிருந்தது.

"இன்னைக்குப் பல்லுக்கு வேலையே இல்லக்கா" என்று சொல்லி வேலுசாமி இரண்டாவது தட்டு வாங்கினார்.

நன்றாக வரவில்லையே என்று அவள் மட்டும்தான் வருத்தப்பட்டாள். மீரானுக்கு அன்று முகமெல்லாம் வெளிச்சம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "வீட்ல செம்பட்டி வரைக்கும் போயிட்டாக. இத தொறக்கணும்னு எறங்கி வந்தாக" என்றார். ஒவ்வொரு தடவையும் அவளைத் திரும்பிப் பார்த்துப் பாசமாகச் சொன்னார். அதில் ஒரு பொய்யும் இல்லை. இறங்கினது அவள்தானே.

வீடியோ எங்கெங்கோ போனது. கொடைக்கானல் போகிற கார்கள் கடைக்கு முன்னால் நிற்க ஆரம்பித்தன. நியாஸ் ஃப்ளெக்ஸ் அடித்து மாட்டினான். 'ஒரே கை தம்' என்று பெரிய எழுத்து, கீழே மாவு ஒட்டுகிற ஒரு கையின் படம். படத்திலிருப்பது அவள் கை இல்லை, எங்கிருந்தோ எடுத்தது. தம் என்ற சொல்லுக்கு ஊரில் இப்படி இன்னொரு அர்த்தம் சேர்ந்தது.

பிறகு ஒருநாள் மெஹராஜ் மெதுவாகக் கேட்டாள். "நீங்க மூடி நீங்க தொறக்குறதா சொன்னீகளே?"

"அது அப்ப. இப்ப ஜனம் உன் கையப் பாக்கத்தான வருது" என்றார் மீரான். "நியாஸ்ட்ட சொல்லி இன்னொரு ஃபேன் போடச் சொல்றேன்."

ருக்சானா சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் தெருவிலேயே இருக்கிற ஷைனி என்ற பெண்ணைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டாள். போனில் அதைச் சொல்லும்போது அழுதாள். "நல்லதுதான புள்ள, கடைய எத்தன நாள் ஆளில்லாமப் போட முடியும்" என்று மெஹராஜ்தான் ஆறுதல் சொன்னாள்.

இப்போது அடுப்படியில் இரண்டு ஃபேன் ஓடுகிறது. மூச்சுக்கு இழுக்கிற பம்ப்பு உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நண்பகலுக்கு முன் மெஹராஜ் தேக்சாவை மூடுகிறாள், செத்த நேரம் கழித்து அவளே திறக்கிறாள். துணி காயப்போட மாடிக்கு நியாஸ் போகிறான். வத்தலக்குண்டுக்கு அவள் இன்னும் போகவில்லை.