சாந்தி அக்காவின் காரும் பின் ஸ்வே பாரும்

சாந்தி அக்கா எங்கள் கராஜுக்குக் காரைக் கொண்டுவந்த காலையில், என்ஜினை நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை. நான் கதவடியில் போய் நின்றேன். புதிய ஆட்களோடு கதைக்க எனக்கு எப்போதும் கூச்சம். அவரே தொடங்கினார்.

"தம்பி, வளைவில நான் திருப்பிறன், இது திரும்பாமல் நேர போகுது. நேற்று மலையில நடுக்கோட்டைத் தாண்டிட்டுது. நல்ல காலம், எதிரில ஒருத்தரும் வரேல்லை."

அவர் வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கும் தாதி. நகரத்துக்கு வெளியே டண்டினோங் மலைப்பக்கத்து வீடுகள் அவருடைய பொறுப்பு. அங்கே வீதி முழுக்க வளைவு, மழை பெய்தால் ஈர இலை.

"திங்கட்கிழமை ஒஃபீசுக்குச் சொல்லவேணும், மலை வீடுகளுக்குத் தொடர்ந்து போறனோ இல்லையோ எண்டு. விட மனமில்லை. ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு."

நான் வேலை செய்யும் கராஜ் மல்கிரேவில் இருக்கிறது. முதலாளி செந்தில் கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட வயதில் சிறியவர். ஊரில் ராலிப் பந்தயக் கார்களில் வேலை செய்தவர். நான் பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரை படித்து, கையால் தொழில் பழகியவன்.

ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் காரின் முகம் திரும்பாமல் வெளிப்பக்கம் தள்ளிப்போவதை நாங்கள் அண்டர்ஸ்டியர் என்போம். முன் சில்லு, அதாவது முன் சக்கரம், இழுக்கும் கார்களில் இது சாதாரணம். இழுப்பதும் திரும்புவதும் அதே இரண்டு ரயர்தான். என்ஜினின் பாரமும் அவற்றின் மேல்தான்.

முதலில் ரயர்களைப் பார்த்தோம். அவற்றில் பிழையில்லை. முன் சில்லுகளைக் காரோடு பிணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் புஷ் ரப்பர்கள் வெடித்திருந்தன, மாற்றினோம். பிறகு அலைன்மென்ட். முன் சில்லுகளின் மேற்பகுதியைக் கொஞ்சம் உள்ளே சாய்த்தோம். அப்படிச் செய்தால் வளைவில் கார் சரியும்போது ரயர் முழுதாக வீதியில் படும். கார் திருந்தியது, ஆனால் போதாது.

"முன்னுக்குத்தானே வழுக்குது, முன் ஸ்வே பாரைத் தடிப்பாப் போடுவம்" என்றேன். ஸ்வே பார் என்பது இடது வலது சஸ்பென்ஷனை இணைக்கும் இரும்புக் கம்பி. வளைவில் கார் சரிவதைத் தடுப்பது.

செந்தில் சிரித்துவிட்டார். "ஏனுங்கண்ணா, ஏற்கனவே மூச்சு வாங்குறவன் தலையில இன்னொரு மூட்டையா? பின்னாடி ரெண்டு டயர் சும்மாதானுங்க வருது. அதுங்களை வேலை வாங்குங்க."

அவர் சொன்னது சரி. பின் பாரைத் தடிப்பாக்கினால், வெளிப்பக்க முன் ரயர் தாங்கும் சுமையில் ஒரு பங்கைப் பின் ரயர் எடுத்துக்கொள்ளும். முன் ரயருக்குத் திரும்பப் பிடி மிஞ்சும். தடித்த பின் பார் ஒன்றைப் போட்டோம். அதன் நுனியில் சில துளைகள் இருந்தன. உள் துளையில் பூட்டினால் விறைப்பு, வெளித் துளையில் மென்மை. நான் உள் துளையில் பூட்டி, காரை ஓடிப்பார்த்தேன். நினைத்த பக்கம் திரும்பியது. எனக்கு நல்ல சந்தோசம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சாந்தி அக்காவை அவருடைய கணவர் தன் வான் வண்டியில் கொண்டுவந்து விட்டார். வண்டியில் இருந்து அரிசி மூட்டைகளும் சோறு வடிக்கும் பெரிய கிடாரங்களும் இறங்கி, காரின் டிக்கிக்குள் ஏறின. கோயில் அன்னதானத்துக்காம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். செந்தில்தான் கேட்டார்.

"அக்கா, இவ்ளோ சாமானோட அடிக்கடி ஓட்டுவீங்களா?"

"வெள்ளிக்கு வெள்ளி. பின் சீற்றில மூண்டு அன்ரிமாரும் வருவினம்."

செந்தில் என்னைப் பார்த்தார். "அண்ணா, சாமானோட ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க."

மழை தூறிக்கொண்டிருந்தது. நான் காரை ஓட, சாந்தி அக்கா பக்கத்தில் இருந்தார். ஆளில்லாத ஒரு வட்டச்சந்தியில் அளவான வேகத்தில் திருப்பி, சட்டென்று அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தேன். பின்பக்கம் வெளியே வீசியது. கிடாரங்கள் ஒன்றோடொன்று மோதின.

"ஐயோ பிள்ளையாரே! முன்பக்கம் திருந்த, இப்ப பின்பக்கம் ஆடுது!"

பிடித்து நிறுத்திவிட்டேன். கோபித்துக்கொண்டு காரை வேறிடம் கொண்டுபோகப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "நீர் காரை ஓடேக்க நடந்தது நல்லதாப் போச்சு. அன்ரிமார் இருந்திருந்தா இந்த வருசம் முழுக்கக் கோயிலில இதே கதைதான்."

சாமானின் பாரமும் பாரின் விறைப்பும் சேர, பின் ரயர்களால் தாங்க முடியவில்லை. திரும்பி வந்து பாரை வெளித் துளைக்கு மாற்றினேன். பாரம் ஏற்றும் நாளில் பின் ரயருக்கு எவ்வளவு காற்று என்று கதவில் ஒட்டியிருந்ததை அவருக்குக் காட்டினேன். சாமானோடு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை ஓடிப்பார்த்தோம். உள் துளையில் இருந்த கூர்மை இல்லை, ஆனால் இரண்டு விதத்திலும் கார் சொன்னதைக் கேட்டது.

சனிக்கிழமை செந்தில் என்னைச் சாந்தி அக்காவோடு மலைக்கு அனுப்பினார். அக்காதான் காரை ஓடினார். நடுக்கோட்டைத் தாண்டிய அந்த வளைவு வந்தபோது அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கார் கோட்டுக்குள்ளேயே திரும்பியது. அடுத்த வளைவும் அப்படியே. மூன்றாவதில் அவர் விட்ட இடத்தில் இருந்து கதையைத் தொடர்ந்தார். இறங்கி வரும்போது, "திங்கட்கிழமை ஓம் எண்டு சொல்லப்போறன்" என்றார்.

நான் கேட்காமல் விட்டதைக் கேட்டதற்காகச் செந்திலுக்கும், என் கையில் ஆடிய காரை என்னிடமே திரும்பத் தந்ததற்காகச் சாந்தி அக்காவுக்கும் நன்றி உள்ளவன். தொழிலுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வெறும் காரை வைத்து சஸ்பென்ஷன் செற் பண்ணாதீர்கள். யார் ஏறுவார்கள், என்ன ஏற்றுவார்கள் என்று முதலில் கேளுங்கள். எனக்கு இன்னும் கூச்சம்தான். என்றாலும் கேட்டுவிட்டுத்தான் ஸ்பானரை எடுக்கிறேன்.