வாத்தை அமுக்கும் பயிற்சி

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, "உள்ள போங்க, டாக்டர் கூப்பிடுறார்" என்று சொல்வது அவள் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் கணினியில் நிரல் எழுதி விளையாடுவாள். அதற்கென்றே ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. நாலு வரி எழுதினால் திரையில் வட்டம் வரும். இன்னும் நாலு வரி எழுதினால் அந்த வட்டம் மவுஸைக் கண்டு பயந்து ஓடும். கைதட்டினால் கண்ணடிக்கும் கத்தரிக்காய், தும்மினால் நிறம் மாறும் மீன் என்று அவள் செய்து வைத்திருந்தவற்றால் காலணாவுக்குப் பிரயோஜனம் கிடையாது.

"வட்டம் ஓடுது, சரி. எதுக்கு ஓடுது?" என்பான் கணவன்.

"உங்களப் பாத்துதான்."

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவனுக்கு அப்போது பெரிய தலைவலி அவன் அப்பாவின் தோள். பெரியவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். தோள் இறுகிப்போய் வலது கை மார்புக்கு மேல் ஏறவில்லை. மாத முடிவுக்குள் ஏறாவிட்டால் மயக்க ஊசி போட்டுத் தோளைத் திருப்பிவிட வேண்டியதுதான் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி என்றாலே மனிதருக்கு வேர்த்துவிடும். அதற்காகப் பயிற்சி செய்வாரா என்றால் அதுவும் மாட்டார். "கையத் தூக்குப்பா" என்று மகன் காலையும் மாலையும் பின்னாலேயே அலைந்தான்.

"ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கையத் தூக்கச் சொன்னவன்டா நான். எனக்கே நீ சொல்றியா?"

மருமகளுக்கு மாமனார்மேல் உயிர். அவளுடைய கத்தரிக்காயைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்த ஒரே ஆள் அவர்தான். அவர் மயங்கிக் கிடக்க, யாரோ தோளை முறுக்குவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அதனால் ஒரு வாத்து செய்தாள்.

மடிக்கணினியின் கேமரா மாமனாரின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கை ஏறினால் வாத்து குளத்தைவிட்டுப் பறந்து, அவரை உற்சாகப்படுத்தும். கை இறங்கினால் தண்ணீரில் மூழ்கி வெறும் குமிழி விடும். வாத்துக்குக் குரல் வேண்டுமே. கணவனைப் பிடித்து உட்காரவைத்து, "இன்னும் தூக்குப்பா" என்று சொல்லவைத்துப் பதிவு செய்துகொண்டாள்.

கணக்கில்தான் சறுக்கினாள். பள்ளிக்கூடத்தில் படித்தபடி கையின் உயரத்தைக் கீழிருந்து அளந்தாள். கணினித் திரையோ மேலிருந்து கீழே எண்ணுகிற பிறவி. எல்லாம் தலைகீழாகிவிட்டது.

மாமனார் கையை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வாத்து உச்சிக்குப் பறந்து, "இன்னும் தூக்குப்பா, இன்னும் தூக்குப்பா" என்று ஓயாமல் கத்தியது.

"ஏம்மா, இது அவன் குரலாச்சே."

"ஆமா மாமா, ஆனா..." அவள் வாத்தை நிறுத்த மவுஸைத் தேடினாள்.

அவர் எரிச்சலில் வாத்தை விரட்டக் கையை ஓங்கினார். வாத்து சட்டென்று கீழே இறங்கியது. அவருக்குச் சுவாரசியம் தட்டிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூக்கினார். அலகுவரை தண்ணீர். இன்னும் கொஞ்சம். மகன் குரல் பாதியில் அறுந்து, 'களக்' என்று ஒரு குமிழி வந்தது.

மாமனார் முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவள் கல்யாணமாகி வந்த நாள்முதல் பார்த்ததில்லை.

"அருமையா பண்ணியிருக்கம்மா" என்றார்.

மனசாட்சி கேட்காமல் அன்றைக்கே தப்பைத் திருத்தினாள். மறுநாள் பார்த்தால் மாமனார் கையை மடியில் போட்டுக்கொண்டு நிம்மதியாகச் செய்தித்தாள் படிக்கிறார். வாத்து சத்தமில்லாமல் முங்கிக் கிடக்கிறது. "இப்ப வேல இன்னும் சுலபமாயிடுச்சும்மா" என்று பாராட்டு வேறு.

அவசர அவசரமாக மறுபடியும் கெடுத்து வைத்தாள். அத்தோடு விடாமல், குளத்துத் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றவைத்தாள். வாத்தை முழுசாக அமுக்க வேண்டுமென்றால் கை நேற்றைவிட மேலே போயாக வேண்டும். கூடத்தில் தன் குரல் தினமும் மூச்சுத் திணறுவதைக் கேட்டுக்கொண்டே கணவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டான்.

மாத முடிவில் மூவரும் எலும்பு டாக்டரிடம் போனார்கள். அவர் தூக்கச் சொல்வதற்கு முன்பே மாமனாரின் கை காதை உரசிக்கொண்டு மேலே போய் நின்றது.

"ஊசியெல்லாம் தேவையில்ல" என்றார் டாக்டர். மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அப்படி என்ன பயிற்சி பண்ணீங்க?"

மாமனார் மகனைக் காட்டினார். "தினமும் காலையில இவனத் தண்ணியில அமுக்குவேன்."

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னார்: "நல்லது. சாயங்காலமும் ஒரு தடவ அமுக்குங்க."