"போறேன் சார்"

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் நான் மேற்பார்வையாளர். தறிச் சத்தத்தில் நாளெல்லாம் கத்திவிட்டு, யார் எது சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவேன். புளியங்குடியிலிருந்து வேலைக்கு வரும் மாரியக்கா தினமும் "வாரேன் சார்" என்று சொல்லித்தான் கிளம்புவார். அன்று "போறேன் சார்" என்றார். அதற்கும் தலையாட்டினேன். அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. கூப்பிட்டும் திரும்பவில்லை. ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

"என்னக்கா, போறேன்னு சொல்லுதிய?"

"நாளையிலேருந்து வரல சார். மத்தியானமே சொன்னேன், தலையாட்டுனியளே."

"ஏன்க்கா?"

"காது மந்தமாயிட்டு. நீங்க சொல்லுதது வெளங்காம தப்புத்தப்பா செஞ்சு, ஏச்சு வாங்கி முடியல சார்."

பஸ் வந்தது, ஏறிவிட்டார். கூடத்துக்குத் திரும்பி நடந்தேன். வழியெல்லாம் தறிச் சத்தம் துல்லியமாகக் கேட்டது. என் காதில் ஒரு குறையும் இல்லை.