அக்கா கட்டிய அறை

பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஓட்டோக்காரர் என்னை ஆங்கிலத்தில் கூப்பிட்டார். சுருக்கென்று கோபம் வந்தது. சாதாரணச் சட்டை, சாதாரணச் செருப்பு; எதை வைத்துக் கண்டுபிடிக்கிறார்களோ தெரியவில்லை.

"அண்ணை, நான் இஞ்சத்தை ஆள்தான்," என்றேன்.

"ஓம் ஓம், எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை. எந்த நாடு?" என்று சிரித்தார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. யாழ்ப்பாண நகரத்துக்குள்ளேயே இருக்கும் அக்கா வீட்டுக்கு எனக்கு வழி சொல்லத் தெரியவில்லை. நான் அடையாளம் வைத்திருந்த பலசரக்குக் கடை, கண்ணாடிக் கதவு போட்ட கைத்தொலைபேசிக் கடையாகியிருந்தது. அதற்கடுத்த மதிலையும் வேப்பமரத்தையும் காணோம். அந்த இடத்தில் கார்கள் நின்றன. சந்திக்குச் சந்தி வாகனங்கள் நெருக்கியடித்து ஹோர்ன் அடித்தன. ஊர் வளரத்தான் வேண்டும். விட்டுவிட்டுப் போனவன் திரும்பி வந்து, எல்லாம் பழையபடி கிடக்கவேண்டும் என்று கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? ஆனாலும் மனம் கனத்துக்கொண்டே வந்தது.

ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும் என்று நினைத்துத்தான் இந்த முறை தனியாக வந்தேன். மத்தியானம் சாப்பிட்டபின் அக்கா வீட்டு ஹோலில், சீமெந்துத் தரையில் பாயைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் படுத்துக் கதைத்தபடியே கண்ணயரவேண்டும். அம்மா இருந்த காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம் அது. உண்மையான கதைகளெல்லாம் அந்த நேரத்தில்தான் வெளியே வரும். அத்தான் செத்தபிறகு அக்கா தனி. தொலைபேசியில் எதைக் கேட்டாலும் "நான் நல்லா இருக்கிறன்" என்பதற்குமேல் ஒரு சொல் வராது. அவள் எப்படி இருக்கிறாள் என்று பாயில் படுத்தால்தான் அறியலாம்.

வாசலில் நின்ற அக்கா நன்றாக மெலிந்திருந்தாள். "வா தம்பி," என்று கையைப் பிடித்தவள், ஹோலில் இருக்கவும் விடாமல் நேரே பின்பக்கம் கூட்டிப்போனாள். கிணற்றடிப் பக்கம் புதிதாக ஓர் அறை எழும்பியிருந்தது. ஏசி, கட்டில், பொலித்தீன் உறை கழற்றாத மெத்தை, உள்ளேயே குளியலறை. மேசையில் தண்ணீர்ப் போத்தல்கள்.

"போன முறை உன்ரை பிள்ளையள் வெக்கையிலை துடிச்சுப்போச்சுதுகள். மூண்டாம் நாளே எல்லாரும் ஹோட்டலுக்குப் போயிட்டியள். கேட்ட சனத்துக்கு என்னாலை பதில் சொல்லேலாமப் போச்சு. இனி உந்தக் கரைச்சல் இல்லை."

"நான் தனியத்தானே அக்கா வந்தனான்?"

"அதுக்கென்ன? உன்ரையும் இப்ப அந்த நாட்டு உடம்புதானே."

சாப்பாட்டில் உறைப்பே இல்லை. தன் சோற்றுக் கோப்பையில் மட்டும் மோர் மிளகாய் வைத்திருந்தாள். நான் கையை நீட்டினேன். "வேண்டாம், வயித்தைக் குழப்பிப்போடும்," என்று கோப்பையை நகர்த்திக்கொண்டாள். சாப்பிட்டு முடிந்ததும் என்னை அந்த அறைக்குள் விட்டு, ஏசியைப் போட்டு, கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். பிறகு தலகணியைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போனேன். பக்கத்துக் காணியில் புதிதாகக் கட்டிய கலியாண மண்டபம் காற்றை முழுதாக மறித்துவிட்டது. மின்விசிறி வெக்கையைத்தான் சுழற்றிக்கொண்டிருந்தது. அக்கா வியர்த்து வழியப் பாயில் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் தலகணியை வைத்ததுதான் தாமதம், துடித்து எழுந்தாள்.

"ஏன் தம்பி, மெஷின் வேலை செய்யேல்லையே? புதுசெண்டு சொல்லித்தானே தந்தவங்கள்!"

அறைக்குள் ஓடிப்போய்க் கையை நீட்டிப் பார்த்தாள். அது குளிராகத்தான் வீசியது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்ப, உனக்கு அறை பிடிக்கேல்லையோ?"

அவள் முகம் வாடியிருந்தது. "சீ, நல்ல குளிர் அக்கா. போர்க்க ஒண்டு எடுக்க வந்தனான்," என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அலுமாரியிலிருந்து தன் நூல் சேலையொன்றை எடுத்து மடித்துத் தந்தாள்.

"நீங்களும் உள்ளுக்கை வந்து படுங்கோவன். கதைச்சுக்கொண்டு கிடப்பம்."

"ஐயோ, எனக்கு உந்தக் குளிர் ஒத்துவராது. பிறகு முழங்கால் மடக்கேலாது."

"முழங்காலுக்கு என்ன? ஒருநாளும் சொல்லேல்லையே?"

"உது சும்மா. நீ படு," என்று கதவைச் சாத்திவிட்டாள்.

சேலையை இழுத்துப் போர்த்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்தது. வெளியே அக்கா யாருடனோ தொலைபேசியில் கதைக்கத் தொடங்கினாள். இவ்வளவு சந்தோஷமான குரலில் அவள் என்னோடு கதைத்ததே இல்லை.

"ஓம், வந்திட்டான். அறைக்குள்ளை நல்ல நித்திரை. இல்லையில்லை, இந்த முறை ஹோட்டலுக்குப் போகமாட்டான்."